நகையுள் உறையும் அழுகை: ஆர். கே. லக்ஷ்மணின் ‘சாமானியன்’

‘கேலிச்சித்திரம்’ என்று நாம் வழங்கும் சொல்லிலேயே அக்கலையைப் பற்றிய ஒரு தீர்ப்பு அடங்கியிருக்கிறது. கேலி செய்தலே அதன் தொழில், சிரிப்பே அதன் பயன் என்பது அத்தீர்ப்பு. பத்திரிகையின் ஏனைய பத்திகள் எல்லாம் கொலை, கொள்ளை, விலையேற்றம், வெள்ளம் என்று மனத்தை அலைக்கழிக்கையில், ஒரு மூலையில் அமைந்த சிறு சித்திரம் வாசகனைச் சற்றே நகைக்கவைத்து இளைப்பாற்றுகிறது என்பர். பெரும்பாலான சித்திரங்களுக்கு இது பொருந்தும். ஆயின் வேறொரு வகைச் சித்திரங்களும் உள. அவையும் நகைப்பை எழுப்புகின்றன. ஆனால் அந்நகைப்பு அடங்கியபின் நெஞ்சிலே ஒரு பாரத்தை விட்டுச் செல்கின்றன. ‘இதிலே சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?’ என்று பக்கத்தைப் புரட்டிவிடுவோர் பலர். அவற்றையே வெட்டியெடுத்துக் கொப்பியில் ஒட்டிவைத்துப் பல்லாண்டு காப்போர் சிலர். அச்சிலரை அவை ஈர்ப்பது எதனால் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா.

இவ்வினாவை ஆராய்வதற்கு ஆர். கே. லக்ஷ்மண் படைத்த ‘சாமானியன்’ என்னும் பாத்திரத்தினும் ஏற்றதொன்று நம் அயலில் இல்லை. லக்ஷ்மண் 1921 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 24 ஆம் நாள் மைசூரிலே ஒரு தமிழ்க் குடும்பத்திற் பிறந்தவர். தந்தையார் தலைமையாசிரியர். ‘மால்குடி’ என்னும் கற்பனை ஊரைப் படைத்து ஆங்கிலத்திற் கதை எழுதிய ஆர். கே. நாராயண் அவருடைய தமையனார். தமையனாரின் கதைகளுக்குச் சித்திரம் வரைந்தே இளையவர் கைபழகினார். பம்பாயிலுள்ள ஜே. ஜே. கலைக்கல்லூரி அவருக்கு இடந்தர மறுத்தது. எனினும் அதே நகரத்திலே, ‘ரைம்ஸ் ஒவ் இந்தியா’ நாளேட்டிலே, அவர் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. 1951 இல் அவ்வேட்டின் முதற்பக்கத்தில் ‘யூ செட் இற்’ என்ற தலைப்பில் ஒரு சிறு சித்திரம் வெளிவரத் தொடங்கிற்று. அரை நூற்றாண்டுக்கு மேலாக அது தொடர்ந்தது. அச்சித்திரத்தின் நிலையான குடிமகனே சாமானியன்.

அவனுடைய தோற்றம் யாவரும் அறிந்ததே. கட்டமிட்ட கோட்டும் வேட்டியும் உடை. வழுக்கைத் தலையின் ஓரங்களில் எஞ்சிய சில மயிர்க்கற்றைகள், வட்டக் கண்ணாடி, தூரிகை போன்ற மீசை, எதையோ கண்டு திகைத்தாற்போல உயர்ந்து நிற்கும் புருவங்கள். இவற்றுக்கெல்லாம் மேலான ஓர் அடையாளம் அவனுக்கு உண்டு. அவன் பேசுவதில்லை. அமைச்சர் பேசுவார், அதிகாரி பேசுவார், வணிகர் பேசுவார், வீதியிற் போகிறவரும் பேசுவார். சாமானியன் மட்டும் வாய் திறவான்.

இந்த உருவம் அமைந்த வரலாற்றை லக்ஷ்மணே கூறியிருக்கிறார். தொடக்கத்தில் இந்தியரைச் சித்திரத்திற் காட்டும்போது வங்காளி, தமிழர், பஞ்சாபி என்று பல மாநிலத்தவரையும் அவரவர் உடையோடு வரைந்தாராம். நாள்தோறும் குறித்த நேரத்துக்குள் சித்திரத்தைக் கொடுக்கவேண்டிய நெருக்கடியில் அக்கூட்டம் படிப்படியாகக் குறைந்தது. ஈற்றில் எஞ்சியவர் ஒருவரே. ஆகவே சாமானியன் ஒருவனாகத் தோன்றினும், கூட்டமொன்று கரைந்து எஞ்சிய வண்டல் அவன். அவனுடைய தனிமைக்கு இப்பிறப்பு வரலாறும் ஒரு காரணம் எனலாம்.

இனி, இச்சித்திரங்களின் அமைப்பை நோக்குவோம். அவற்றுட் பெரும்பாலனவற்றில் இரண்டு இடங்கள் உள. ஒன்று நடுவிடம், அங்கேதான் பேச்சும் செயலும் நிகழும். மற்றையது ஓரம், அங்கே சாமானியன் நிற்பான். இவ்வமைப்புக்கு ஏற்ப வாசகரும் மூவகைப்படுவர். முதல்வகையினர் நடுவிடத்தை மட்டும் கண்டு, அமைச்சரின் அசட்டுப் பேச்சுக்குச் சிரித்துவிட்டுப் போவர். இரண்டாம் வகையினர் ஓரத்தில் நிற்பவனையும் காண்பர். ஆனால் அவனைச் சித்திரகாரரின் கையொப்பம் போலக் கொண்டு கடந்துவிடுவர். மூன்றாம் வகையினரோ ஏட்டைத் திறந்ததும் முதலில் அவன் எங்கே நிற்கிறான் என்று தேடுவர். அவனைக் கண்டபின்பே நடுவிடத்துப் பேச்சைப் படிப்பர். நாம் தேடும் ‘சிலர்’ இம்மூன்றாம் வகையினரே. மற்றையோர்க்கு வேடிக்கையாகத் தோன்றும் அதே சித்திரம் இவர்களுக்குத் துயரமாகவும், அத்துயரம் காரணமாகவே இனியதாகவும் தோன்றுகிறது.

இதனை விளக்குதற்குத் தமிழ் இலக்கணம் நமக்கு ஓர் அளவுகோலைத் தந்திருக்கிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயலாகிய மெய்ப்பாட்டியல், உள்ளத்துணர்வு உடலிலே புலப்படுமாற்றை எட்டாக வகுத்துரைக்கின்றது. அவ்வரிசையில் முதலில் நகையும், அதனையடுத்து அழுகையும் நிற்கின்றன. செய்யுளுக்கு வகுத்த இலக்கணத்தைப் பத்திரிகைச் சித்திரத்துக்கு ஏற்றுதல் தகுமோ என்று ஐயுறுவோர் இருக்கக்கூடும். மெய்ப்பாடாவது சொல்லின் உதவியின்றியும் கண்டோர்க்கு விளங்குமாறு மெய்யின்கண் தோன்றுவது. பேசாத ஒருவனுக்கு மெய்ப்பாடு ஒன்றே மொழி. ஆதலின் தமிழ்நூலார் வகுத்த இவ்விலக்கணம் சாமானியனுக்குப் பொருந்துமளவு, வாயாடும் பாத்திரங்களுக்குக்கூடப் பொருந்தாது என்றே சொல்லவேண்டும்.

அவன் முகத்தில் முதலிற் புலப்படுவது மருட்கை. உயர்ந்த புருவமும் விரிந்த கண்ணும் அதற்குச் சான்று. மருட்கைக்குரிய நிலைக்களன்கள் நான்கனுள் பெருமையும் சிறுமையும் இரண்டு. மிகப் பெரியதைக் கண்டாலும் மனிதன் வியப்பான். மிகச் சிறியதைக் கண்டாலும் வியப்பான். சாமானியன் இவ்விரண்டையும் ஒருங்கே காண்கிறான். அவன் செவியில் விழும் வாக்குறுதி மிகப் பெரியது. அவன் கண்ணிற்படும் செயல் மிகச் சிறியது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கண்டு உயர்ந்த புருவம் ஐம்பது ஆண்டாகியும் கீழிறங்கவில்லை.

மருட்கையாகிய மேற்பரப்பை நீக்கி நோக்கின் அதன்கீழே நகையும் அழுகையும் பின்னிக்கிடத்தல் புலனாகும். நகை பிறப்பதற்குரிய நான்கு களங்களுள் எள்ளல் ஒன்று. அதற்கு உரை வகுத்த பேராசிரியர், தான் பிறரை எள்ளிச் சிரித்தலையும், பிறர் தன்னை எள்ளியபோது தான் சிரித்தலையும் வேறு பிரித்துக் காட்டினார். முன்னையது யாவர்க்கும் எளிது. பின்னையது யாது? தன்னை ஒருவன் ஏளனஞ் செய்கையில் சினமும் கண்ணீரும் தோன்றுதல் இயல்பு. அவற்றுக்கு மாறாகச் சிரிப்புத் தோன்றுவானேன்? அழுதாற் கேட்பாரும் சினந்தால் அஞ்சுவாரும் இல்லாதவிடத்து மனிதன் தன் மானத்தைக் காத்துக்கொள்ளும் வழி அச்சிரிப்பு. லக்ஷ்மணின் சித்திரங்கள் வெளித்தோற்றத்தில் முதல்வகை எள்ளலைச் சார்ந்தவை. அமைச்சரை எள்ளி நாம் சிரிக்கிறோம். ஓரத்தில் நிற்பவனிடம் நம் கண் சென்றவுடன் அவை இரண்டாம் வகையாகி விடுகின்றன. எள்ளப்பட்டவர் அமைச்சரல்லர், நாமே என்பது தெரிகிறது. தெரிந்தும் சிரிக்கிறோம்.

அழுகைக்கும் பேராசிரியர் இத்தகைய ஒரு பகுப்புக் கூறுகிறார். தனக்கு நேர்ந்ததற்குத் தானே வருந்துவது ஒருவகை. பிறர்க்கு நேர்ந்ததைக் கண்டு வருந்துவது இன்னொருவகை. முன்னையது அவலம், பின்னையது கருணை. சாமானியனைக் காணும்போது நாம் கொள்ளும் வருத்தம் இவ்விரண்டனுள் எது? அவனுக்காக வருந்துகிறோமா, நமக்காக வருந்துகிறோமா? இக்கேள்விக்குத் திட்டமாக விடை கூற இயலாமையே அப்பாத்திரத்தின் ஆற்றல். தன்னிரக்கத்தில் மூழ்குவது நாணத்தக்கது என்று நினைக்கும் மனிதர், இன்னொருவன்மேல் இரக்கங்கொள்ளும் வாயிலாகத் தம் துயரத்தையும் சிறிது அழுதுகொள்ள அவன் இடந்தருகிறான். தம் துன்பத்தை வெளியே சொல்லிப் பழகாதவர்கள் அவனை மிகுதியும் விரும்புவதற்குக் காரணம் இதுவே என்பது என் கருத்து.

ஓர் உதாரணம் தருவேன். லக்ஷ்மணின் சித்திரங்களுட் பலரும் நினைவிற் கொண்டிருப்பது சந்திரனுக்கு ஆளனுப்புவது பற்றியது. சந்திர மண்டலத்துக்குச் செல்லத் தகுந்த மனிதனைத் தேடும் விஞ்ஞானிகளின்முன் சாமானியன் கொண்டுவந்து நிறுத்தப்படுகிறான். நீர், உணவு, ஒளி, காற்று, உறையுள் எதுவும் இன்றி உயிர்வாழ வல்லவன் இவனே என்று அவனைக் காட்டி உரைக்கின்றனர். சந்திரனில் இல்லாதவை யாவும் அவனுடைய ஊரிலும் இல்லை. ஆகவே அவனுக்குப் புதிய பயிற்சி வேண்டியதில்லை. தர்க்கமுறையில் இதனை மறுத்தல் அரிது. நகைப்பு அத்தர்க்கத்திலிருந்து பிறக்கிறது. துயரமோ இரண்டு இடங்களிலிருந்து பிறக்கிறது. வறுமை ஒரு தகைமையாகப் பாராட்டப்படுதல் ஒன்று. அவனைப்பற்றிய பேச்சு அவன் முன்னிலையிலேயே நடக்கவும், அவனை எவரும் ஒரு சொற் கேளாமை மற்றொன்று. இவ்விரண்டனுள்ளும் பின்னையதே கொடியது. வறுமை அவன் உடலை வருத்துவது. கேளாமையோ அவன் இருப்பையே இல்லையென ஆக்குவது.

என் வகுப்பிலே பத்தாந்தர மாணவர்க்கு இச்சித்திரத்தை ஒருமுறை விரித்துச் சொன்னேன். பெரும்பாலார் சிரித்தனர். ஒருவன் ‘அவரிட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்’ என்றான். பின்வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி சிரிக்கவில்லை. “அவரைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வருவினமோ, சேர்?” என்று கேட்டாள். சித்திரத்தில் அதற்கு விடையில்லை. ஒரே சித்திரம் ஒரே அறையில் மூன்று விதமாகச் சென்று சேர்ந்ததை அன்று கண்டேன். அம்மூவருள் யார் கூரிய அறிவுடையார் என்பது இங்கே பேச்சன்று. ஒருவர் முன்னர்க் கண்டதும் இழந்ததும் எவையோ, அவற்றுக்கேற்பவே சித்திரத்தின் எந்தப் பகுதி அவரைத் தொடும் என்பது தீர்மானிக்கப்படுகிறது.

உலகப் புகழ்பெற்ற மற்றுமொரு துயரச் சித்திரத்தோடு இதனை ஒப்பிட்டால் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகும். அமெரிக்கரான சாள்ஸ் சூல்ஸ் வரைந்த ‘பீனற்ஸ்’ என்னும் தொடர் 1950 ஒக்ரோபர் 2 ஆம் நாள் ஏழு பத்திரிகைகளிலே தொடங்கிற்று. சாமானியன் பிறந்ததற்குச் சற்று முன்னர் என்க. 2000 பெப்ருவரி 13 ஆம் நாள் அதன் இறுதிச் சித்திரம் வெளிவந்தது. அதற்கு முந்திய இரவிலே சூல்ஸ் காலமானார். அரை நூற்றாண்டில் 17,897 சித்திரங்களை உதவியாளர் எவருமின்றித் தாமே வரைந்தார் அவர். அத்தொடரின் தலைவனாகிய சார்ளி பிறவுண் என்னும் சிறுவன் தொட்டது எதுவும் துலங்குவதில்லை. அவன் விடும் பட்டம் மரத்திற் சிக்கும். அவன் தலைமை தாங்கும் ஆட்டக்குழு தோற்கும். அவன் உதைக்க ஓடிவரும் பந்தை லூசி என்னும் சிறுமி கடைசிக் கணத்தில் எடுத்துவிட, அவன் மல்லாந்து விழுவான். அடுத்த முறையும் அவள் சொல்லை நம்பி ஓடிவருவான்.

இரண்டும் துயரச் சித்திரங்களே. எனினும் துயரத்தின் தன்மை வேறு. சார்ளி பிறவுண் தன் கவலையை வாய்விட்டுச் சொல்கிறான். கேட்கும் தோழர் அவனை ஏளனஞ் செய்யினும், கேட்கவேனும் செய்கின்றனர். அவனுக்கு ஆட்டத்தில் ஓர் இடமுண்டு. தோற்பதற்கேனும் அவன் ஆடுகிறான். ஆகவே அவனது துயர் தோல்வியின் துயர். சாமானியன் எதிலும் தோற்றதில்லை, ஏனெனில் அவனை எவரும் ஆட்டத்திற் சேர்க்கவில்லை. அவனது துயர் புறக்கணிப்பின் துயர். தேர்விலும் காதலிலும் தொழிலிலும் தவறியவர்கள் சார்ளி பிறவுணிடம் தம்மைக் காண்பர். தம்மைப்பற்றித் தம் முன்னிலையிலேயே பிறர் முடிவுசெய்யக் கண்டவர்கள் சாமானியனிடம் தம்மைக் காண்பர். ‘துயரச் சுவையை விரும்புவோர்’ என்று இவர்களை ஒரே கூட்டமாகக் கருதுவது பிழை. அழுகைக்குரிய களங்களாக இழிவுறுதல், இழத்தல், முன்னிருந்த நிலை தளர்தல், வறுமையுறல் என நான்கினைத் தமிழிலக்கணம் வேறாகப் பிரித்தது வீண் நுணுக்கமன்று. எந்தக் களத்திலே நின்று ஒருவர் அழுதாரோ அந்தக் களத்துச் சித்திரமே அவரை அழைக்கும்.

நம் நாட்டு வரலாறும் இக்கருத்துக்குத் துணைநிற்கிறது. ஈழத்துத் தமிழ்க் கேலிச்சித்திரத்தில் என்றும் நினைக்கத்தக்க பெயர் ‘சுந்தர்’ என்ற புனைபெயருடைய சி. சிவஞானசுந்தரம். கரவெட்டியிற் பிறந்து, கொழும்பிலே 1960 களில் ‘சிரித்திரன்’ என்னும் நகைச்சுவை ஏட்டைத் தொடங்கி, பின்னர் அதனை யாழ்ப்பாணத்திலிருந்து நடத்தியவர் அவர். அவர் படைத்த சவாரித்தம்பர் மௌனம் அறியாதவர். கிராமத்துப் பேச்சுமொழியே அவர் படைக்கலம். தம் ஊரையும் உறவினரையும் தம்மையுமே அவர் பகிடி பண்ணுவார். தம்பரின் நகைப்பு, சொந்தத் திண்ணையில் இருந்துகொண்டு சொந்தச் சனத்தோடு சிரிக்கும் நகைப்பு. அந்நகைப்புக்குத் திண்ணை வேண்டும். எதிரே இருந்து வெற்றிலை போட்டபடி மறுமொழி சொல்ல ஆளும் வேண்டும். 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் ஒரே இரவில் பெயர்ந்தது. பெயர்ந்தவருட் பலர் வன்னிக்கு வந்தனர். அடுத்த ஆண்டிலே, 1996 இல், சுந்தரும் மறைந்தார். திண்ணையை இழந்த சனத்துக்குத் தம்பரின் நகைப்பு பழைய நாளின் நினைவாயிற்று.

பின்னர் 2009 வந்தது. அவ்வாண்டின் முற்பகுதியிற் புதுக்குடியிருப்பும் அதன் கிழக்கே கடல்வரை கிடந்த நிலமும் பட்டதை இக்கட்டுரையில் விரிக்க வேண்டியதில்லை. உயிர் எஞ்சியோர் பலர் வவுனியா செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அக்காலத்து முகாம்கள் யாவற்றிலும் சேர்த்து இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் அடைபட்டிருந்தனர். மெனிக் பாம் 2012 செப்ரெம்பரில் மூடப்படும்வரை, நீருக்கு வரிசை, உணவுக்கு வரிசை, பதிவுக்கு வரிசை, உறவினரைக் கம்பிவேலியூடே காண்பதற்கும் வரிசை என்று எங்கள் மக்கள் நின்றனர். பார்வையிட வந்த பிரமுகர்கள் தமக்குள் உரையாடினர், படம் பிடிக்கப்பட்டது, படத்தின் ஓரத்தில் எங்கள் முதியவர்கள் நின்றனர். மீளக் குடியமர்வதற்குக் கடைசியாக அனுமதிக்கப்பட்ட பகுதிகளுள் புதுக்குடியிருப்பும் ஒன்று. திரும்பி வந்தபின் வீட்டுத்திட்டத்துக்குப் படிவம், இழப்பீட்டுக்குப் படிவம், இறப்புப் பதிவுக்குப் படிவம். மேசைக்கு அப்பால் இரு உத்தியோகத்தர் தமக்குள் பேசிக்கொள்ள, இப்பால் நிற்பவர் கையில் உறையோடு அவர்கள் வாயையே பார்த்து நிற்கும் காட்சி லக்ஷ்மண் வரையாத லக்ஷ்மண் சித்திரமாகும்.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் இலங்கை முழுவதுமே எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றது. அன்று தென்னிலங்கை மக்களும் சாமானியனின் சுற்றத்தாராயினர். வரிசையில் நின்றவர்களுக்கு அவன் புருவம் ஏன் உயர்ந்திருக்கிறது என்பதை விளக்கவேண்டியதில்லை. வரிசையே அறியாதவர்களுக்கு எவ்வளவு விளக்கினும் விளங்காது. ‘இச்சித்திரம் சிலரை மட்டும் ஈர்ப்பது ஏன்?’ என்ற வினாவுக்கு எளிய விடை இதுவே.

ஆயினும் இவ்விடையோடு நிறுத்திக்கொள்ள இயலாது. வன்மையானதொரு தடை இங்கே எழுகிறது. துயரத்தை அழகாக்கிக் காட்டும் சித்திரம் துயருறுவோரை அடங்கியிருக்கப் பழக்குகின்றதன்றோ? நாள்தோறும் காலையில் ஒரு மெல்லிய நகைப்பையும் ஒரு சிறு பெருமூச்சையும் தந்துவிட்டால், சினம் எழுவதற்கு முன்னரே ஆறிப்போகாதோ? இத்தடைக்கு ஆதாரங்களும் உள. சாமானியனால் ஆள்வோர்க்குப் பெருந்தீங்கு நேர்ந்ததாகத் தெரியவில்லை. அவர்களே அவனைக் கொண்டாடினர். 1988 இல் ‘ரைம்ஸ் ஒவ் இந்தியா’வின் 150 ஆம் ஆண்டு நிறைவுக்காக இந்திய அஞ்சற்றுறை வெளியிட்ட முத்திரையில் அவன் உருவம் இடம்பெற்றது. 2001 இல் பூனா நகரத்துச் சிம்பயோசிஸ் கல்வி நிலையத்தில் அவனுக்குச் சிலை எழுந்தது. ‘ஏர் டெக்கான்’ என்ற குறைந்த கட்டண விமான நிறுவனம் அவனைத் தன் சின்னமாக்கிற்று. நீரும் ஒளியும் இல்லாதவன் என்று சந்திரனுக்கு அனுப்பத் தெரிவு செய்யப்பட்டவன், விமானச் சீட்டு விற்பனைக்கும் முகமானான். எவர்க்கும் ஊறு செய்யாத மௌனத்தை எவரும் தம் பொருளாக்கிக்கொள்ளலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இன்னொரு குறையும் உண்டு. சாமானியன் என்ற பெயர் யாவர்க்கும் பொதுவானது, உருவமோ அவ்வாறில்லை. கோட்டணிந்த நடுத்தர வகுப்பு முதிய ஆடவன் அவன். கூலியாளரும் பெண்களும் அவன் காணும் காட்சியில் வருவர். ஆனால் காணும் கண் அவர்களுடையதாக இல்லை. பலராய் இருந்தவரை ஒருவராக்கியபோது கரைந்துபோனவர்கள் யாவர் என்று கேட்கும் உரிமை திறனாய்வாளனுக்கு உண்டு. வன்னியில் அலுவலகப் படிகளில் ஏறியிறங்கும் பெண் தலைமைத்துவக் குடும்பத்துத் தாய் ஒருத்தி அந்தக் கட்டமிட்ட கோட்டுக்குள் தன்னைக் காண்பதற்குச் சற்றே முயலவேண்டியிருக்கும்.

இத்தடைகளின் உண்மையை ஒப்புக்கொண்டபின்னும், சாமானியன் அடங்கியிருக்கப் பழக்குகிறான் என்ற முடிவு முழுதும் சரியெனத் தோன்றவில்லை. அடங்கிப்போனவன் பார்வையைத் தாழ்த்திக்கொள்வான். அல்லது அவ்விடம்விட்டு அகல்வான். சாமானியன் இவ்விரண்டையும் செய்வதில்லை. எந்த அமைச்சர் எங்கே பேசினாலும் அவன் அங்கே இருக்கிறான், கண் விழித்திருக்கிறான். அவனுக்குச் சூட்டத்தகுந்த பெயர் ‘சான்று’ என்பதாகும். வள்ளுவர் துன்பம் வந்தவிடத்து நகுக என்றபோது கூறிய நகைப்பு, துன்பத்தை மிதித்து ஏறுவோனுடைய நகைப்பு. அது வீரர்க்குரியது. மிதித்து ஏற வலியில்லாதவர்க்கும் ஒரு நிலை வேண்டுமன்றோ? நடந்ததைக் கண்டேன், மறவேன் என்று நிற்கும் நிலை அது. அந்நிலையில் வெற்றியில்லை; ஆயின் மானம் உண்டு.

மௌனம் என்றென்றைக்கும் போதுமானதன்று என்பதும் உண்மை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 இல் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீதியோரத்தில் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. கையில் பிள்ளையின் படத்தோடு அமர்ந்த தாய்மார் முதலில் செய்தது சாமானியன் செய்ததே: வந்துபோவோர் யாவரும் காணுமாறு அங்கே இருத்தல். ஆனால் அவர்கள் அவனோடு நின்றுவிடவில்லை. பெயர் சொன்னார்கள், நாள் சொன்னார்கள், யாரிடம் கையளித்தோம் என்று சொன்னார்கள், விடை கேட்டார்கள். சான்று வாய்திறந்து சாட்சியாவது அவ்விடத்திலேதான். சித்திரத்தால் அவ்வளவு தூரம் செல்ல முடியவில்லை. சித்திரத்திடம் அதனை எதிர்பார்ப்பதும் முறையன்று. ஓரத்தில் நிற்பவனைக் காணக் கண்ணைப் பழக்குவதே சித்திரத்தின் பணி. அவனிடம் ‘நீ என்ன சொல்கிறாய்?’ என்று கேட்கவேண்டிய பணி நம்முடையது.

இவ்விடத்திலே கல்லூரி மலரொன்றை வாசிக்கும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரிய ஒரு சிந்தனை உண்டு. நகைச்சுவையை நம் பாடசாலைகளில் இலக்கியத்தின் கடைநிலையில் வைத்திருக்கிறோம். மெய்ப்பாடுகளின் பெயரைத் தேர்வுக்காக மனனஞ் செய்விக்கிறோம். காலையில் வரும் பத்திரிகைச் சித்திரத்தில் அம்மெய்ப்பாடுகளைக் காண்பிப்பதில்லை. சித்திரமொன்றைக் கையிற் கொடுத்து, யார் பேசுகிறார், யார் பேசவில்லை, பேசாதவரின் முகத்தில் யாது தோன்றுகிறது என்று மூன்று வினாக் கேட்டால் போதும். மாணவர் மெய்ப்பாட்டியலையும் கற்பர். தாம் வாழும் உலகையும் கற்பர். துயரத்தை அனுபவித்தும் அதனைச் சொல்லும் மொழியற்று வளரும் பிள்ளைகள் மிகுந்த நிலத்திலே இப்பயிற்சியின் பெறுமதி பெரிது.

லக்ஷ்மண் 2003 இல் பக்கவாதத்தால் தாக்குண்டார். 2015 சனவரி 26 ஆம் நாள், இந்தியாவின் குடியரசு தினத்தன்று, பூனாவில் மறைந்தார். அமைச்சர்களின் பேச்சுக்கள் நிறைந்த அந்நாளில், பேசாத ஒருவனைப் படைத்தவர் விடைபெற்றார். அவர் எள்ளிய அமைச்சர்களிற் பலருடைய பெயரை இன்றைய வாசகர் அறியார். நடுவிடத்திற் பேசியவர்கள் மறக்கப்பட்டனர். ஓரத்தில் நின்றவன் மறக்கப்படவில்லை. அவனைத் தேடிக் காணும் அச்சிலர், துயரத்தில் இன்பங் காண்பவர் என்று பழிக்கப்படவேண்டியவரல்லர். தாம் நின்ற இடத்தில் இன்னொருவனும் நிற்கக் கண்டு, தாம் தனியரல்லர் என்று தெளிந்தவர் அவர்கள். அத்தெளிவைத் தரும் சித்திரத்தைக் கேலி என்ற ஒரே சொல்லால் அளத்தல் போதாது. நகையை முதலிலும் அழுகையை அதனையடுத்தும் வைத்த இலக்கணம் அதற்கு ஏற்ற அளவுகோலாக இன்றும் நம் கையில் இருக்கிறது.